எ நைட் டு ரிமெம்பர் (1958): டைட்டானிக் மூழ்கிய இரவைச் சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டைட்டானிக் படம் என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் 1997ல் வந்த ஜேம்ஸ் கேமரூன் படம்தான் ஞாபகம் வரும். அதற்கு 39 வருடம் முன்னாலேயே பிரிட்டனில் இதே விபத்தை வைத்து ஒரு படம் எடுத்தார்கள், அதைப் பாருங்கள் என்று யாரிடம் சொன்னாலும் திரும்பி வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். முடிவைச் சொல்லிவிடாதீர்கள் என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், கப்பல் மூழ்கத்தான் போகிறது.

இது யார் எடுத்த படம்?

இயக்கம் ராய் வார்ட் பேக்கர். படத்தில் ராய் பேக்கர் என்றுதான் பெயர் வரும். தயாரிப்பாளர் வில்லியம் மக்விட்டி. திரைக்கதை எழுதியவர் எரிக் ஆம்ப்ளர், உளவு நாவல்களுக்குப் பெயர் போனவர். ஒளிப்பதிவு ஜெஃப்ரி அன்ஸ்வொர்த், பின்னாளில் ஸ்டான்லி குப்ரிக்கின் விண்வெளிப் படத்துக்குக் கேமரா பிடித்தவர் இவர்தான். ராங்க் நிறுவனத்துக்காக பைன்வுட் ஸ்டூடியோவில் எடுத்தார்கள், 1958 ஜூலையில் லண்டனில் வெளியானது, சுமார் இரண்டு மணி நேரம் ஓடும்.

மூலம், அமெரிக்கர் வால்டர் லார்ட் 1955ல் அதே பெயரில் எழுதிய புத்தகம். அவர் விபத்தில் தப்பியவர்களை 60 பேருக்கு மேல் தேடிப் பிடித்து, அவர்கள் சொன்னதை எல்லாம் மணிக்கணக்கு வரிசையில் அடுக்கி எழுதியவர். படமும் அந்த முறையைத்தான் பிடித்துக்கொண்டது. இடையில் 1956ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதே புத்தகத்தை நேரலை நாடகமாக வேறு போட்டிருக்கிறார்கள்.

தயாரிப்பாளர் மக்விட்டியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். அவர் பெல்ஃபாஸ்ட்காரர். 1911 மே 31 அன்று டைட்டானிக்கின் வெற்று உடலை முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கியபோது ஆறு வயதுப் பையனாக நின்று பார்த்தவர். படத்தின் மேல் அவருக்கு இருந்த பிடிவாதத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஜாக், ரோஸ் மாதிரி காதல் ஜோடி உண்டா?

இல்லை. கல்யாணமாகிப் புதிதாகப் புறப்பட்ட கிளார்க் என்ற ஜோடி வருகிறது, லூகாஸ் என்ற குடும்பம் வருகிறது, இவர்கள் கற்பனைப் பாத்திரங்கள்தான். ஆனால் கதை அவர்களைச் சுற்றி ஓடாது. லூகாஸ் தன் மனைவியையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிட்டு, தூங்கிக்கொண்டிருக்கும் மகனிடம் விடைபெறுகிற காட்சி ஒரு நிமிடம்கூட இருக்காது. பின்னணி இசை கூடக் கனக்க விடவில்லை. அடுத்த நொடி கேமரா வேறு எங்கோ போய்விடும். அழுவதற்கு அவகாசம் தராத படம் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அந்த இரவிலும் யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

அப்போ ஹீரோ யார்?

போஸ்டரில் பெரிய எழுத்தில் இருப்பது கென்னத் மோர், அன்றைக்கு பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்த நட்சத்திரம். கப்பலின் இரண்டாம் அதிகாரி சார்லஸ் லைட்டோலராக நடிக்கிறார். லைட்டோலர் நிஜ மனிதர். கப்பல் அமிழும்போது கடலில் விழுந்து, கவிழ்ந்து கிடந்த ஒரு மடக்குப் படகின் முதுகில் ஏறி நின்று, கூடவே ஏறியவர்களை விடியும்வரை இடமும் வலமும் சாயச் சொல்லி அதைக் கவிழாமல் வைத்திருந்தவர். 1940ல் டன்கர்க்கில் சிக்கிய பிரிட்டிஷ் சிப்பாய்களை மீட்கத் தன் சொந்தப் படகை ஓட்டிக்கொண்டு போய் 120 பேருக்கு மேல் ஏற்றி வந்தாரே, அதே ஆள். 1952ல் இறந்துவிட்டதால் படத்தைப் பார்க்கவில்லை.

படத்தில் அவர் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கூடுதல் இடங்களில் இருப்பார். வேறு அதிகாரிகள் செய்த சில வேலைகளையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். நட்சத்திரத்துக்குச் சம்பளம் கொடுத்தாயிற்று, சும்மா நிற்க வைக்க முடியாது, சரி, புரிகிறது. ஆனாலும் அவர் நினைத்து எதுவும் நடப்பதில்லை. இதில் ஹீரோ என்றும் வில்லன் என்றும் யாரையும் நிறுத்தவில்லை.

காதலும் இல்லை, வில்லனும் இல்லை. இரண்டு மணி நேரம் எதைத்தான் பார்ப்பது?

தகவலைப் பாருங்கள். நான் யாருக்குச் சொன்னாலும் இதைத்தான் சொல்வேன்: இது கப்பல் மூழ்கும் படம் என்பதைவிட, சொல்ல வேண்டிய செய்தி போய்ச் சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேராத படம். வயர்லெஸ் அறை வரும் ஒவ்வொரு காட்சியிலும் நிமிர்ந்து உட்காருங்கள்.

1912 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் வயர்லெஸ் கருவி பழுதாகி, ஜாக் ஃபிலிப்ஸும் ஹரால்ட் பிரைடும் மணிக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்கள். அதனால் பயணிகளின் தந்திகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. அவர்கள் இருவரும் மார்கோனி நிறுவனத்தின் ஆட்கள், பயணிகளின் தந்திதான் நிறுவனத்துக்கு வருமானம். இரவு ஒன்பதரை வாக்கில் மெசாபா என்ற கப்பல் பனிப்பாறைகள் இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு எச்சரிக்கை அனுப்புகிறது. அந்தக் காகிதம் மேல்தளத்துக்குப் போகவே இல்லை, மேசையில் மற்ற காகிதங்களோடு கிடக்கிறது. படம் இதை எந்த அழுத்தமும் கொடுக்காமல் காட்டும், கவனிக்காவிட்டால் தவறவிட்டுவிடுவீர்கள்.

பதினொரு மணியளவில் பக்கத்தில் இருக்கும் கலிஃபோர்னியன் கப்பலின் வயர்லெஸ் ஆள் சிரில் எவன்ஸ், நாங்கள் பனிக்கு நடுவே நின்றுவிட்டோம் என்று சொல்ல வருகிறார். ஃபிலிப்ஸ் அவரை, வாயை மூடு, எனக்கு வேலை இருக்கிறது என்ற தொனியில் வெட்டிவிடுகிறார். எவன்ஸ் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நாள் முழுக்க வேலை பார்த்த மனுஷன், கருவியை நிறுத்திவிட்டுப் படுக்கிறார். 11.40க்கு டைட்டானிக் மோதுகிறது. சில நிமிட வித்தியாசம்தான்.

இதற்கு நேரெதிராக கார்பேத்தியா. சுமார் 58 மைல் தூரத்தில் இருந்த அந்தக் கப்பலின் வயர்லெஸ் ஆள் ஹரால்ட் காட்டம் தூங்கப் போகும் நேரம், ஆனால் ஹெட்ஃபோன் இன்னும் காதிலேயே இருந்தது. அதனால்தான் அபாய அழைப்பு அவருக்குக் கேட்டது. கேப்டன் ராஸ்ட்ரன் உடனே கப்பலைத் திருப்பி, அறைகளுக்குப் போகும் சூட்டையும் சுடுதண்ணீரையும் நிறுத்தி நீராவி முழுவதையும் இன்ஜினுக்கு அனுப்பி, கம்பளிகளையும் சூடான சூப்பையும் தயார் செய்யச் சொல்லி, பனிப்பாறைகளுக்கு நடுவிலேயே ஓட்டிக்கொண்டு வருகிறார். நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். டைட்டானிக் 2.20க்கே போய்விட்டது. உயிரோடு ஏற்ற முடிந்தது 700 சொச்சம் பேரைத்தான். சுமார் 1500 பேர் இறந்தார்கள்.

ஃபிலிப்ஸையும் திட்ட முடியாது. தண்ணீர் ஏறும்வரை அறையை விட்டு நகராமல் அழைப்பு அனுப்பிக்கொண்டே இருந்தவர், தப்பவில்லை.

கலிஃபோர்னியன் கப்பலை இவ்வளவு மோசமாகக் காட்டியது நியாயமா?

அறுபது வருடத்துக்கு மேல் சண்டை நடக்கும் கேள்வி இது. படத்தில் என்ன வருகிறது என்றால், கலிஃபோர்னியன் மேல்தளத்தில் நிற்கும் அதிகாரி ஸ்டோனும் பயிற்சி மாலுமி கிப்ஸனும் தூரத்தில் ராக்கெட்டுகள் வெடிப்பதைப் பார்க்கிறார்கள். பேச்சுக்குழாய் வழியாகக் கேப்டன் ஸ்டான்லி லார்டை எழுப்பிச் சொல்கிறார்கள். அவர் என்ன நிறம் என்று கேட்கிறார், விளக்கால் மோர்ஸ் சைகை கொடுத்துக்கொண்டே இருங்கள் என்கிறார், அப்புறம் தூங்கிவிடுகிறார். யாருக்கும் எவன்ஸை எழுப்பிக் கேட்கலாம் என்று தோன்றவில்லை. பக்கத்து அறையில் அத்தனை பதிலும் இருக்கிறது, ஒரு ஆளைத் தட்டி எழுப்பினால் போதும்.

இவை விசாரணையில் அவர்களே சொன்னவை. ஆனால் படம் வெளியானபோது கேப்டன் லார்ட் உயிரோடு இருந்தார், வயது எண்பதைத் தாண்டியவர். 1912 விசாரணையிலேயே குற்றம் சுமத்தப்பட்டு வேலையை இழந்து, வேறு நிறுவனத்தில் சேர்ந்து நல்ல பெயரோடு ஓய்வு பெற்று அமைதியாக இருந்த மனிதர், திடீரென்று ஊரெல்லாம் தன் பெயர் பேசப்படுவதைப் பார்த்தார். தன் பெயரைத் துடைத்துத் தரும்படி வணிகக் கப்பல் அதிகாரிகளின் சங்கத்திடம் போனார். சங்கம் அரசுக்கு மனு மேல் மனு போட்டது, எதுவும் பலிக்கவில்லை. அவர் 1962ல் இறந்துவிட்டார்.

அவர் பக்கத்தில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. படத்தில் அவர் படுக்கையில் சொகுசாகத் தூங்குவதுபோல் வரும். நிஜத்தில் சீருடையோடு வரைபட அறையின் சோபாவில் சாய்ந்திருந்தார், அது கடமையில் இருக்கும் கேப்டன் செய்யக்கூடியதுதான். இரண்டு கப்பல்களுக்கும் நடுவே இருந்த தூரம் 1912 விசாரணை சொன்னதைவிட அதிகம் என்று, கப்பலின் உடல் கிடைத்த பிறகு 1992ல் பிரிட்டிஷ் அரசு செய்த மறு ஆய்வு சொன்னது, 17 முதல் 20 மைல் வரை இருக்கலாம் என்று. ஆனால் அதே அறிக்கை, ராக்கெட்டுகள் தெரிந்தன, செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றும் எழுதியிருக்கிறது. போயிருந்தாலும் நேரத்துக்குச் சேர்ந்திருக்க முடியாது என்பது ஒரு வாதம், சரி. ராக்கெட்டைப் பார்த்துவிட்டு வயர்லெஸ் ஆளை எழுப்பாததற்கு மட்டும் இதுவரை ஒருவரும் உருப்படியான சமாதானம் சொல்லவில்லை.

படத்தில் எவ்வளவு உண்மை? தப்புகள் என்னென்ன?

1958ல் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் மிக நெருக்கமான படம். ஆலோசகராக உட்கார்ந்திருந்தவரே டைட்டானிக்கின் நான்காம் அதிகாரி ஜோசஃப் பாக்ஸ்ஹால். அன்றிரவு அந்த ராக்கெட்டுகளை ஏவியவர், கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டு வயர்லெஸ் அறைக்குக் கொடுத்தவர். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வேடத்தில் ஜாக் வாட்லிங் நடித்திருக்கிறார், எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாக்ஸ்ஹால் 1967ல் இறந்தார், அவர் விருப்பப்படி சாம்பலைத் தன் கணக்கில் வந்த அதே இடத்தில் கடலில் கரைத்தார்கள். 1985ல் கப்பலைக் கண்டுபிடித்தபோது அது அங்கிருந்து சுமார் 13 மைல் தள்ளிக் கிடந்தது.

தப்புகளில் எனக்குப் பிடித்தது முதல் காட்சியிலேயே வரும். ஒரு சீமாட்டி பாட்டிலை உடைத்துக் கப்பலுக்குப் பெயர் சூட்டுவார். டைட்டானிக்கின் உரிமையாளரான ஒயிட் ஸ்டார் நிறுவனம் எந்தக் கப்பலுக்கும் அந்தச் சடங்கைச் செய்ததே இல்லை. தயாரிப்பாளர் நேரில் நின்று பார்த்த ஒரே காட்சி அது, அதையே தப்பாக எடுத்திருக்கிறார்கள்!

இன்னொன்று, கப்பலை வடிவமைத்த தாமஸ் ஆண்ட்ரூஸ் கடைசியில் புகைபிடிக்கும் அறையில் ஒரு ஓவியத்துக்கு முன்னால் நிற்பார் (மைக்கேல் குட்லிஃப் பிரமாதமாகச் செய்திருப்பார், என் கணக்கில் படத்திலேயே சிறந்த நடிப்பு). படத்தில் அது நியூயார்க் துறைமுகத்தின் ஓவியம். நிஜத்தில் அங்கே மாட்டியிருந்தது பிளிமத் துறைமுகம், நியூயார்க் ஓவியம் சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கில் இருந்தது. ரொட்டி சுடும் ஜோகின் குடித்துவிட்டுத் தள்ளாடும் சிரிப்புக் காட்சிகளும் கொஞ்சம் மிகை. ஆனால் நாற்காலிகளைக் கடலில் தூக்கிப் போட்டது, வெகுநேரம் குளிர்ந்த நீரில் கிடந்தும் பிழைத்தது எல்லாம் அவரே விசாரணையில் சொன்னதுதான்.

முதல் அதிகாரி மர்டாக் தன்னைத் தானே சுட்டுக்கொண்டதாக 1997 படத்தில் வரும், அதற்காக அவருடைய ஊரான டால்பீட்டியில் அந்தப் பட நிறுவனம் வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. 1958 படம் அந்த வம்புக்கே போகவில்லை.

கப்பல் இரண்டாக உடையவில்லையே?

இதில் முழுசாகத்தான் மூழ்கும். 1912ல் பிரிட்டனில் நடந்த விசாரணை அப்படித்தான் முடிவு செய்தது, லைட்டோலரும் உடையவில்லை என்றே சாட்சி சொன்னார். உடைந்ததைக் கண்ணால் பார்த்தோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், ஜாக் தேயர் என்ற பதினேழு வயதுப் பையன் உட்பட. அதிகாரி சொன்னதை எடுத்துக்கொண்டார்கள், பையன் சொன்னதை விட்டுவிட்டார்கள். 1985 செப்டம்பர் 1 அன்று ராபர்ட் பல்லார்டும் ஜான் லூயி மிஷேலும் தலைமை தாங்கிய அமெரிக்க, பிரெஞ்சுக் குழு அதைக் கண்டுபிடித்தபோது முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம் கிடந்தது.

லைஃப்போட் ஏன் அவ்வளவு குறைவு? படத்துக்காகச் செய்ததா?

இல்லை, அப்படியே நடந்தது. மொத்தம் 20 படகுகள், எல்லாவற்றையும் நிரப்பினால் 1178 பேர். கப்பலில் இருந்தது சுமார் 2200 பேர். இதில் சட்டமீறல் எதுவும் கிடையாது என்பதுதான் கொடுமை. அன்றைய பிரிட்டிஷ் விதி 1890களில் எழுதியது, 10,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் என்றால் 16 படகு என்று அதோடு நின்றுவிட்டது. டைட்டானிக் 46,000 டன். விதி கேட்டதைவிட நாலு படகு கூடுதலாகவே இருந்தது!

இருந்த படகும் நிரம்பவில்லை. 40 பேர் போகக்கூடிய ஒரு படகு 12 பேரோடு போனது. ஆரம்பத்தில் யாரும் நம்பவில்லை, இத்தனை வெளிச்சமும் வெதுவெதுப்பும் உள்ள கப்பலை விட்டுவிட்டு நடுராத்திரி கும்மிருட்டில் ஒரு மரப்படகில் ஏன் இறங்க வேண்டும் என்று. படம் இந்த மனநிலையை மிக நன்றாகப் பிடித்திருக்கிறது. மோதிய பிறகும் சீட்டாடுகிறார்கள், பனிக்கட்டியை எடுத்து விளையாடுகிறார்கள். இடது பக்கத்தில் லைட்டோலர் பெண்களும் குழந்தைகளும் மட்டும் என்று உத்தரவைப் புரிந்துகொண்டார், வலது பக்கத்தில் மர்டாக் பெண்கள் இல்லாவிட்டால் ஆண்கள் ஏறலாம் என்று புரிந்துகொண்டார். நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்பது உங்கள் தலையெழுத்து.

மூன்றாம் வகுப்புப் பயணிகளைப் பூட்டி வைத்தார்களா?

படத்தில் கம்பிக் கதவுக்குப் பின்னால் நிற்க வைத்திருப்பார்கள், ஐரிஷ் இளைஞர்கள் மோதிக்கொண்டு வெளியே வருவார்கள், ஆடம்பரமான சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் ஒரு கணம் வாயடைத்து நிற்பார்கள். வேண்டுமென்றே சாகவிட ஒரு திட்டம் இருந்தது என்று படம் சொல்லவில்லை. அந்த மக்களைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை என்று காட்டுகிறது. முதல் வகுப்பில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் இருபத்தைந்து. முதல் இரண்டு வகுப்புகளில் ஒரே ஒரு குழந்தைதான் இறந்தது. மூன்றாம் வகுப்பில் மூன்றில் இரண்டு குழந்தைகள் போய்விட்டார்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் எப்படி எடுத்தார்கள்?

பெரிய மினியேச்சர் கப்பல், சாயக்கூடிய செட், அப்புறம் ஒரு நிஜக் கப்பல். ஸ்காட்லாந்தில் ஃபாஸ்லேன் என்ற இடத்தில் ஆஸ்டூரியாஸ் என்ற பழைய பயணிகள் கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக்கிக்கொண்டிருந்தார்கள். உடைக்கும் வேலை நடக்கும்போதே படக்குழு போய் அதன் பக்கவாட்டில் படகுகளை இறக்கும் காட்சிகளை எடுத்தது. அந்த ஆஸ்டூரியாஸும் டைட்டானிக்கைக் கட்டிய அதே ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் தளத்தில், பெல்ஃபாஸ்ட்டில் கட்டியதுதான்.

பைன்வுட்டில் மேல்தளத்தின் ஒரு பெரும் பகுதியைக் கட்டி, ஜாக்கிகள் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார்கள். நடிகர்கள் சரிவில் கால் ஊன்றி ஏறுவது நடிப்பில்லை. சாப்பாட்டு வண்டி தானாக உருண்டு போவது, தட்டுகள் அலமாரியிலிருந்து சரிவது, இந்தச் சின்னச் சின்ன விஷயங்களில்தான் கப்பல் எவ்வளவு தூரம் சாய்ந்துவிட்டது என்று நமக்குத் தெரியும். கடலில் தத்தளிக்கும் காட்சிகளை லண்டனுக்குப் பக்கத்தில் ரூயிஸ்லிப் ஏரியில் ராத்திரியில், நல்ல குளிரில் எடுத்தார்கள். கென்னத் மோர் முதலில் குதித்துவிட்டு உறைந்துபோன கதையைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மினியேச்சர் சில இடங்களில் மினியேச்சராகத்தான் தெரியும். தண்ணீரைச் சின்னதாக்க முடியாதே.

நாஜிகள் எடுத்த படத்தின் காட்சிகள் இதில் இருக்கின்றன என்கிறார்களே?

உண்மைதான், சில துண்டுகள். 1943ல் கோயபல்ஸின் ஆதரவில் ஜெர்மனியில் டைட்டானிக் என்று ஒரு பிரசாரப் படம் எடுத்தார்கள், பிரிட்டிஷ் முதலாளிகளின் பேராசைதான் கப்பலை மூழ்கடித்தது என்று சொல்ல. அதன் இயக்குநர் ஹெர்பெர்ட் செல்பின் படப்பிடிப்பில் ராணுவத்தைத் திட்டியதற்காகக் கைதாகி, சிறையில் தூக்கில் தொங்கிக் கிடந்தார். அந்தப் படத்துக்குப் பயன்பட்ட காப் ஆர்கோனா கப்பல் 1945 மே 3 அன்று, வதைமுகாம் கைதிகளை அடைத்து வைத்திருந்த நிலையில் பிரிட்டிஷ் விமானத் தாக்குதலில் எரிந்து மூழ்கியது. டைட்டானிக்கில் இறந்தவர்களைவிடப் பல மடங்கு பேர் அதில் இறந்தார்கள், அதைப் பற்றி இவ்வளவு படம் யாரும் எடுக்கவில்லை.

1958 படத்தில் அமைதியான கடலில் கப்பல் போகும் காட்சி, தண்ணீர் உள்ளே பாயும் காட்சி என்று சில நொடிகள் அங்கிருந்து எடுத்தவை.

தப்பிப் பிழைத்தவர்கள் படப்பிடிப்புக்கு வந்தார்களா?

வந்தார்கள். எடித் ரஸ்ஸல் என்ற பேஷன் பத்திரிகையாளர் அன்றிரவு ராசியான இசைப் பொம்மைப் பன்றி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு படகில் ஏறியவர். படத்தில் அந்தப் பன்றியும் ஒரு வேடம் போல வரும், பார்த்தால் யாரோ எழுத்தாளர் கிறுக்குத்தனமாகச் சேர்த்தது என்று நினைப்பீர்கள்.

இதைவிட வேடிக்கை லாரன்ஸ் பீஸ்லி. அறிவியல் ஆசிரியர், இரண்டாம் வகுப்பில் வந்து தப்பியவர், 1912லேயே அதைப் புத்தகமாக எழுதியவர். பைன்வுட்டுக்கு வந்தவர், கப்பல் மூழ்கும் காட்சியில் துணை நடிகர்களோடு கூட்டத்தில் நைசாகக் கலந்து நின்றுவிட்டார், இந்தத் தடவை கப்பலோடு போக வேண்டும் என்று. இயக்குநர் கண்டுபிடித்து இறக்கிவிட்டார். சங்க உறுப்பினர் அல்லாத ஒருவரை நடிக்க வைத்தால் நடிகர் சங்கம் சண்டைக்கு வரும். ஆக, பீஸ்லி இரண்டாவது முறையும் மூழ்குவதற்கு முன்பே டைட்டானிக்கிலிருந்து இறங்க வேண்டியதாயிற்று.

1958ல் வண்ணம் வந்துவிட்டதே, ஏன் கறுப்பு வெள்ளை?

கறுப்பு வெள்ளைதான் இந்த விஷயத்துக்குப் பொருத்தம். நிலவில்லாத இரவு, அலையே இல்லாத கடல், நடுவில் வரிசை வரிசையாக விளக்கெரியும் கப்பல். அந்த விளக்கு வரிசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வதைக் கறுப்புக்கு எதிரே பார்க்கும்போது கிடைக்கும் துல்லியம் வண்ணத்தில் வராது. விளக்குகள் கிட்டத்தட்டக் கடைசிவரை எரிந்தது நிஜம், கீழே இருந்து எரிய வைத்த இன்ஜினியர்களில் ஒருவர்கூடத் தப்பவில்லை. அத்தோடு, 1912ன் புகைப்படங்களை எல்லாம் நாம் கறுப்பு வெள்ளையில் பார்த்துப் பழகியிருக்கிறோம், அதனால் செய்திப்படம் போன்ற ஒரு நம்பிக்கையும் வந்துவிடுகிறது.

கப்பலில் இசைக்குழு கடைசியாக வாசித்த பாட்டு எது?

வாலஸ் ஹார்ட்லியும் அவரோடு ஏழு பேரும், எட்டுப் பேருமே இறந்தார்கள், கேட்டுச் சொல்ல ஆள் இல்லை. வயர்லெஸ் ஆள் பிரைட் 'ஆட்டம்' (Autumn) என்ற மெட்டு என்றார், வேறு பலர் 'நியரர் மை காட் டு தீ' என்ற துதிப்பாடல் என்றார்கள். படம் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. அந்தப் பாடலுக்குப் பல மெட்டுகள் உண்டு. 1958 படத்தில் வருவது பிரிட்டனில் பழக்கமான ஹார்பரி மெட்டு, 1997ல் வருவது அமெரிக்காவில் பழக்கமான பெத்தனி மெட்டு.

ஒயிட் ஸ்டார் தலைவர் இஸ்மேயின் பெயரே வரவில்லையே?

பட்டியலில் 'சேர்மன்' என்று மட்டும் போட்டிருப்பார்கள். முதல் வகுப்பில் வந்த டஃப் கார்டன் தம்பதியும் வேறு பெயரில்தான் வருவார்கள். குடும்பத்தார் இருந்த காலம், ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார்கள்.

ஓடியதா? விருது ஏதாவது?

பிரிட்டனில் விமர்சகர்கள் பாராட்டினார்கள், கூட்டமும் வந்தது. செலவோ அன்றைய பிரிட்டிஷ் படங்களுக்கு மிக அதிகம், அமெரிக்காவில் எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. கோல்டன் குளோப் கிடைத்தது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பத்து வயதுக்கு மேல் தாராளமாக. ரத்தம் கிடையாது, ஆபாசம் கிடையாது. தொலைந்துபோன ஒரு சின்னப் பையனைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கும் வயதான பணியாளர் ஒருவர் வருவார், அந்த இடம் மட்டும் சின்னக் குழந்தைகளுக்குக் கஷ்டமாக இருக்கலாம். பெரியவர்களுக்கும்தான். பேச்சு வேகமான பிரிட்டிஷ் ஆங்கிலம், ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

1997 படத்தை முதலில் பார்க்கலாமா, இதையா?

நீங்கள் அதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள், அதனால் இந்தக் கேள்விக்கே பெரிய அர்த்தம் இல்லை. இதைப் பார்த்த கையோடு அதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், எங்கெங்கே இங்கிருந்து அங்கே போயிருக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு துப்பு மட்டும் தருகிறேன்: 1958 படத்தில் பனிப்பாறையை முதலில் பார்த்து மணியடிக்கும் ஃப்ரெடரிக் ஃப்ளீட்டாக வரும் பெர்னார்ட் ஃபாக்ஸ், 1997 படத்தில் கர்னல் கிரேசி என்ற பயணியாக வருகிறார். கலிஃபோர்னியன் காட்சிகளை மட்டும் 1997 படத்தில் தேடாதீர்கள், வெளியான படத்தில் அந்தப் பகுதியே இல்லை.